குழந்தைப்பேறு சிகிச்சைக்குக் கிளம்பும் முன்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணமாகி தண்டையார்பேட்டைக்கு வந்த மூன்றாவது வருடம் நாங்கள் முதல்முறையாக டாக்டரிடம் போனோம். அதற்குப் பிறகு 14 மாதம் எனக்கு மட்டும்தான் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஊசி. நான்காவதாகப் பார்த்த டாக்டரம்மா என் பையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதெல்லாம் உன்னுடையதும்மா. அவருடையது எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அடுத்த வாரம் 800 ரூபாய்க்கு எடுத்த ஒரே பரிசோதனை, சிக்கல் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டது.

அந்த 14 மாதம் திரும்பி வராது. நகையை அடகு வைத்தால் மீட்டுவிடலாம், வயதை அப்படி மீட்க முடியாது. அதனால்தான் எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாளை எடுத்துப்போக வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

1. எப்போது போவது

தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடம் ஆகியும் தரிக்கவில்லை என்றால் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போய்விடுங்கள். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, முன்பு டி.பி. இருந்தது, வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது, கணவருக்குச் சின்ன வயதில் விரை இறங்காமல் இருந்தது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். டி.பி. கருக்குழாயைச் சத்தமில்லாமல் அடைத்துவிடும். நுரையீரலுக்கு வந்து குணமான பழைய கதைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

"ஆடி கழியட்டும்", "தை பிறக்கட்டும்" என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். எனக்கும் அதில் ஒரு வருடம் போனது.

2. முதல் பரிசோதனை கணவருக்கு

விந்துப் பரிசோதனை, லேபில் செமன் அனாலிசிஸ் என்பார்கள். இருப்பதிலேயே செலவு குறைந்தது, வலி இல்லாதது இதுதான். அரசு மருத்துவமனையில் காசே ஆகாது. ஆனால் எங்கள் பக்கத்தில் கடைசியாகத்தான் இதை எடுக்கிறார்கள். "எனக்கு என்ன குறை?" என்ற வார்த்தையைத் தாண்டுவதற்குள் மனைவிக்கு ஐந்து ஸ்கேன் முடிந்திருக்கும். மாமியாரிடம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேருக்குள் பேசி, முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை. பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் விந்து வெளியேறாத இடைவெளி விட வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் எண்ணிக்கை மாறிவிடும். லேபிலேயே அறை கொடுப்பார்கள், அங்கே கொடுப்பதுதான் நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் உடம்புச் சூடு குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அந்த ஒரு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். சாதாரண ஆணுறையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அதில் தடவியிருக்கும் பொருள் அணுக்களைக் கெடுக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவுப்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசையக்கூடியவை 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்பவை கீழ் எல்லை. வடிவம் 4 சதவீதம் என்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது இயல்பானதுதான். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கும் வராதீர்கள். காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை விழும். சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுவார்கள், எடுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு மில்லிக்கு 60 லட்சம்தான் இருந்தது. அவர் வெல்டிங் வேலை செய்பவர், நாள் முழுக்க அனலில் நிற்பார், மாவா (புகையிலை கலந்த பாக்கு) போடுவார். இதனால்தான் குறைந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் புகையிலையும் தொடர்ந்த சூடும் அணுக்களுக்குக் கெடுதல் என்று சொன்னார். அணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் இன்றைக்கு மாவாவை விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும், முதல் நாளே விட்டுவிட வேண்டும். அவர் விட்டார். அடுத்த ரிப்போர்ட்டில் 90 லட்சம் வந்தது. போதவில்லை, ஆனால் ஏறியது. ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை: உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்து உற்பத்தியையே நிறுத்திவிடும். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ரிப்போர்ட் குறைவாக வந்தால் யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. விரையில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

3. மனைவிக்கான பரிசோதனைகள்: நாள்தான் முக்கியம்

மாதவிலக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தவறிவிட்டால் ஒரு மாதம் போச்சு, அடுத்த விலக்கு வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது அல்லது மூன்றாவது நாள்: எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடியால் என்று ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகளும், முட்டைப்பையில் எத்தனை சிறு முட்டைகள் தெரிகின்றன என்று ஒரு ஸ்கேனும். விலக்கு நாளில் உள் ஸ்கேனா என்று கூச்சமாக இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு அது தினசரி வேலை, நீங்களும் தயங்காதீர்கள்.

எந்த நாளிலும் எடுக்கலாம்: ஏ.எம்.எச்., தைராய்டு, சர்க்கரை, ரத்த வகை, ருபெல்லா, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி. ஏ.எம்.எச். என்பது கையிருப்பில் இருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டும். முட்டையின் தரத்தைக் காட்டாது. "ஏ.எம்.எச். குறைவு, உடனே ஐ.வி.எஃப். போங்கள்" என்று அந்த ஒரு எண்ணை வைத்தே அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ஐ.வி.எஃப். என்பது முட்டையை வெளியே எடுத்து, லேபில் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, கருப்பைக்குள் வைப்பது.

விலக்கு நின்ற பிறகு, ஏழாவது நாள் முதல் பத்தாவது நாளுக்குள்: எச்.எஸ்.ஜி., பேச்சில் குழாய் டெஸ்ட். கருப்பை வழியாகச் சாயத்தைச் செலுத்தி, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். வலிக்கும். விலக்கு வலியைவிட அதிகமாக ஐந்து நிமிடம் வலித்தது எனக்கு. முன்னாடியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். முதல் முறை என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தனியாகப் போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரே பரிசோதனையை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்தது கையில் இருந்தால், "இது ஏன் செல்லாது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எனக்கு தைராய்டு மட்டும் மூன்று இடத்தில் எடுத்தார்கள்.

சித்த மருந்து, லேகியம், பொடி எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதிருந்தே ஆரம்பிக்கச் சொல்வார்கள், அதை விடாதீர்கள்.

4. எங்கே போவது

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மகப்பேறு மருத்துவமனை அது. பிரசவத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மகளிர் நலப் புறநோயாளிப் பிரிவில் குழந்தையின்மைக்கும் பார்க்கிறார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். எந்தக் கிழமை எந்த டாக்டர் என்று முதல் நாளே சிஸ்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரை நாள் போய்விடும், உண்மைதான். ஆனால் 2, 3ஆம் படியில் சொன்ன பரிசோதனைகளில் பெரும்பாலானவை இங்கேயும் ஸ்டான்லியிலும் செலவில்லாமல் முடியும். தனியார் இடங்களில் எங்களுக்கு இதற்கு மட்டும் 19,000 ரூபாய் ஆனது.

ஐ.வி.எஃப். வரை போக வேண்டியிருந்தால் எழும்பூர். அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 2024இல் அரசு கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டது. நாங்கள் ஐ.வி.எஃப். செய்த நேரத்தில் அது இல்லை. இருந்திருந்தால் முதலில் அங்கேதான் போயிருப்பேன். திருவொற்றியூரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் பச்சை வழிக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் எழுதிய குறிப்புச் சீட்டும் எல்லா ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. வேலை ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் அடிப்படைப் பரிசோதனைகளைக் கேட்டுப்பாருங்கள்.

தனியாரிடம் போவதென்றால் ஒன்றைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி கருத்தரிப்பு மையம் ஒவ்வொன்றும் பதிவு செய்திருக்க வேண்டும். ஐ.யூ.ஐ. (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது, 6ஆம் படியில் சொல்கிறேன்) மட்டும் செய்யும் இடம் முதல் நிலை, ஐ.வி.எஃப். செய்யும் இடம் இரண்டாம் நிலை. அந்தப் பதிவுச் சான்றிதழ் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். வரவேற்பறைச் சுவரில் குழந்தைகள் படம்தான் நிறைய இருக்கும், சான்றிதழைத் தேடிப் பார்த்து, பதிவு எண்ணையும் காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நூறு சதவீத உத்தரவாதம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். இந்தச் சிகிச்சையில் யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று "இங்கே லேட்டாகும்க்கா, நான் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போறேன்" என்பவரோடும் போகாதீர்கள். அவருக்குக் கிடைக்கும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். ஆண் குழந்தை வேண்டுமா என்று யாராவது சாடையாகக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம்.

5. கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, தேதி வரிசையில் எல்லாவற்றையும் போடுங்கள். கணவர், மனைவி இருவரின் ஆதார், புகைப்படங்கள், திருமணப் பதிவுச் சான்றிதழ், வயதுச் சான்று, பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், பில்கள். எல்லாவற்றுக்கும் மூன்று நகல், போனில் ஒரு படம். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அந்தப் போன் படங்கள்தான் காப்பாற்றின.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். உங்கள் ஆதாரில் அப்பா இனிஷியல், மருத்துவமனைச் சீட்டில் கணவர் பெயர், சான்றிதழில் இன்னொரு எழுத்து என்று இருந்தால் ஒப்புதல் படிவம் போடும் நாளில் நிறுத்திவிடுவார்கள். முதல் ஓ.பி. சீட்டிலிருந்தே ஆதாரில் உள்ளபடி சொல்லுங்கள். ஆதாரைத் திருத்த வேண்டுமென்றால் பரிசோதனை நடக்கும் மாதங்களிலேயே திருத்திவிடுங்கள்.

திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமாகி வருடங்கள் ஆகிவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் போய் என்ன வழி என்று கேளுங்கள். பத்திரிகை, தாலி கட்டும் படம், கோயில் அல்லது மண்டப ரசீது, முகவரி, வயதுச் சான்றுகள், சாட்சிகள் தேவைப்படும். எங்களுக்கு மூன்று நடை ஆனது. ஐ.வி.எஃப். என்று முடிவான பிறகு இதற்கு ஓடினால் ஒரு சுற்று தள்ளிப்போகும்.

வயது வரம்பும் இருக்கிறது. சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55.

6. மாத்திரை, ஸ்கேன், ஐ.யூ.ஐ.

நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும் முட்டை ஒழுங்காக வெளிவராதவர்களுக்கும் முதலில் மாத்திரைதான். ஒன்பது, பத்தாவது நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன் செய்து முட்டை வளர்வதைப் பார்ப்பார்கள். ஃபாலிக்குலர் ஸ்டடி என்று இதற்குப் பெயர். ஒரு மாதத்துக்கு நாலைந்து நடை. வேலைக்குப் போகிறவர்கள் சூப்பர்வைசரிடம் எந்தக் காரணமாவது சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்கிவையுங்கள், எந்த நாளில் கூப்பிடுவார்கள் என்று முன்னால் தெரியாது. கணவரின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இந்த ஸ்டடியை மாதாமாதம் செய்துகொண்டே போவதுதான் எனக்கு நடந்தது. மூன்று மாதத்துக்கு மேல் அப்படிப் போனால் "அடுத்து என்ன?" என்று கேட்டுவிடுங்கள்.

ஐ.யூ.ஐ. என்பது கணவரின் விந்தைச் சுத்தப்படுத்தி, ஓட்டமுள்ள அணுக்களை மட்டும் கருப்பைக்குள் செலுத்துவது. பத்து நிமிட வேலை, மயக்கம் கொடுக்க மாட்டார்கள். எங்களுக்கு ஊசி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. ஒரு முறைக்குப் பத்தில் ஒன்று, இரண்டு பேருக்குத்தான் பலிக்கும். கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தால் ஐ.யூ.ஐ. செய்து பயனில்லை. அதனால் குழாய் டெஸ்ட் எடுக்காமல் ஐ.யூ.ஐ.க்கு நாள் குறித்தால் கேள்வி கேளுங்கள். செய்த அன்று, "சுத்தம் செய்த பிறகு ஓடுகிற அணு எத்தனை இருந்தது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அந்த எண் மிகக் குறைவாக இருந்ததால்தான் இரண்டாவது ஐ.யூ.ஐ.க்குப் பணம் கட்டாமல் நிறுத்தினோம். மூன்று, நான்கு முறைக்கு மேல் அதையே தொடரச் சொன்னால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

7. ஐ.வி.எஃப். பணம்: கையெழுத்துக்கு முன்

எங்களுக்கு ஆன கணக்கை அப்படியே எழுதுகிறேன். பேக்கேஜ் என்று சொன்னது 1,40,000. ஊசிகள் தனியாக 68,000. மீதமிருந்த கருவை உறைய வைக்க 20,000. உறைந்த கருவை இரண்டாவது முறை வைக்க 35,000. ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள் 15,000. மொத்தம் 2,78,000. முதல் நாள் எங்கள் மனதில் இருந்தது அந்த 1,40,000 மட்டும்தான்.

ஆகவே பேக்கேஜ் விலையைக் கேட்காதீர்கள். அதில் என்னென்ன இல்லை என்று கேளுங்கள். ஊசி உள்ளதா? மயக்க மருந்து டாக்டர் கட்டணம்? ஒரு அணுவை ஒரு முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி? ஐந்து நாள் வளர்ப்பது? உறைய வைப்பது, அடுத்த வருடம் அதைப் புதுப்பிப்பது? முட்டையே கிடைக்காமல் பாதியில் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள்? பதிலை அவர்களுடைய தாளில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பில் கவுன்டரில் நிற்காது.

ஊசியை வெளி மருந்துக்கடையில் வாங்கலாமா என்று கேளுங்கள். அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். எங்களுக்கு இரண்டாவது வாரம்தான் இது தெரிந்தது. சிகிச்சைக் கட்டணத்தில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் விடாதீர்கள். ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைகள் மருத்துவ சேவையாகவே கருதப்படும், வரி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவாக்கிவிட்டது.

காப்பீட்டை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வழக்கமான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் குழந்தையின்மைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும், எக்ஸ்க்ளூஷன் 17 என்று எண்ணே போட்டிருப்பார்கள். சில பாலிசிகள் காத்திருப்புக் காலத்துக்குப் பிறகு தருகின்றன, உங்கள் பாலிசித் தாளைப் பிரித்துப் பாருங்கள். மையத்திலேயே மாதத் தவணை போட்டுத் தருவார்கள். நாங்கள் நகைக் கடன்தான் வாங்கினோம், வட்டி குறைவு. ஒரு முறைக்குத் தேவையான பணத்தை மட்டும் திரட்டிக்கொண்டு இறங்காதீர்கள். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும்கூட முதல் முறையிலேயே நிற்பது உறுதியில்லை. இரண்டாவது முறை கரு வைக்கவும் சேர்த்து எடுத்துவைத்தால்தான் முதல் தோல்வி உங்களை உடைக்காது.

பாதி வழியில் "இந்த டிரிப் போட்டால் கரு ஒட்டும்", "பிளாஸ்மா செலுத்தினால் கருப்பை பலப்படும்" என்று கூடுதல் செலவுகள் வரும். இவற்றில் பலவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. எதற்காக, எனக்கு ஏன் என்று கேட்டு, ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் கேளுங்கள். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் குழந்தை ஆபத்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியது மையத்தின் சட்டக் கடமை. குறை சொல்வதற்கென்று ஒரு பிரிவும் அங்கே இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

8. ஊசி நாட்கள்

விலக்கின் இரண்டாவது, மூன்றாவது நாளில் ஆரம்பித்து ஏறக்குறைய 9 முதல் 12 நாள், முட்டைகள் வளர்வதற்காகத் தினமும் ஒரே நேரத்தில் வயிற்றில் ஊசி. தெருமுனை கிளினிக் சிஸ்டரிடம் போட்டுக்கொள்ளலாம், நீங்களே கற்றுக்கொண்டால் தினமும் 100 ரூபாய் மிச்சம். மூன்றாவது நாளிலிருந்து நானே போட்டேன்.

எந்த ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், எது வெளியே இருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு டப்பாவில் எழுதுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நான் ஊசி நாட்களில் இருந்தேன். கரன்ட் போய், தெருவில் முட்டியளவு தண்ணீர். வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து ஐஸ் வாங்கி தெர்மாகோல் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். டவலில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வைத்தோம். உறைந்துபோன ஊசியைப் போடக்கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிகிச்சை வைத்துக்கொண்டால் பெட்டியை முதலிலேயே தயாராக வையுங்கள். தாழ்வான தெரு என்றால், மையத்துக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா என்று யோசியுங்கள்.

கடைசி ஊசி ட்ரிகர், முட்டையை முதிர வைப்பது. அதைப் போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். எனக்கு இரவு 10.30 என்று சொன்னார்கள். அரை மணி முன்பின் ஆனால்கூட உடனே போன் செய்யச் சொன்னார்கள். போனில் மூன்று அலாரம் வைத்தோம்.

வயிறு ஊதி உடை இறுகுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, ஒரே நாளில் எடை ஏறுவது: இவை ட்ரிகருக்குப் பிறகு வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். முட்டைப்பை அதிகமாகத் தூண்டப்பட்டதன் அறிகுறி அது, நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நம்பரை முதல் நாளே வாங்கிவையுங்கள்.

9. முட்டை எடுப்பதும் கரு வைப்பதும்

முட்டை எடுக்கும் நாள் வெறும் வயிறு, சின்ன மயக்கம், அரை மணி நேரம். கணவர் அன்று கட்டாயம் கூட இருக்க வேண்டும், விந்து அன்றுதான் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் விந்து வராமல் போவது சாதாரணம். பயமிருந்தால் முன்கூட்டியே ஒன்றை உறைய வைக்கலாமா என்று கேளுங்கள். திரும்பும்போது பைக் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

மூன்றாவது அல்லது ஐந்தாவது நாள் கரு வைப்பார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், வலி இல்லை. இரண்டு வைத்தால் வாய்ப்பு கூடும் என்று ஆசையாக இருக்கும். இரட்டைப் பிள்ளை என்றால் குறைப்பிரசவ ஆபத்தும் கூடும் என்பதையும் கேட்டு முடிவு செய்யுங்கள். எத்தனை முட்டை, எத்தனை கரு, என்ன தரம், எத்தனை உறைந்திருக்கிறது என்ற தாளை அன்றே வாங்குங்கள். உறைந்த கருவைச் சட்டப்படி 10 வருடம் வரை வைக்கலாம்.

கட்டிலை விட்டு இறங்காமல் படுத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு முதல் முறை வீட்டில் பத்து நாள் படுக்க வைத்தார்கள், நிற்கவில்லை. இரண்டாவது முறை சமைத்தேன், நடந்தேன். படுத்தே இருப்பதால் பலன் கூடுவதில்லை என்று டாக்டரும் சொன்னார்.

முட்டையோ விந்தோ வேறொருவரிடமிருந்து என்று பேச்சு வந்தால், அதற்குத் தனி எழுத்து ஒப்புதல் வேண்டும். முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் ஆதாரையே போலியாக்கி முட்டை எடுத்த வழக்கு வெளியே வந்தது. "ஆள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் விவரம் கேளுங்கள்.

10. பதினான்கு நாள்

கரு வைத்த பிறகு தரும் புரோஜெஸ்டிரோன் மருந்தை ஒருவேளைகூட விடாதீர்கள். மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை கார்டை வாங்கி வீட்டில் பார்க்காதீர்கள். ட்ரிகர் ஊசியில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் இருந்தால் அது உடம்பில் பத்து நாளுக்கு மேலும் தங்கி, இல்லாத கர்ப்பத்துக்கு இரண்டு கோடு காட்டும். நான் எட்டாவது நாள் பார்த்து, அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். பதினான்காவது நாள், கர்ப்பத்தை உறுதி செய்யும் பீட்டா ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அந்த இரண்டாவது போனைச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர்தான் செய்தார்.

இல்லை என்று வந்தால் அன்றே அடுத்த முறைக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு விலக்கு போகட்டும். எல்லாத் தாள்களோடும் உட்கார்ந்து, என்ன மாற்றப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் நான்கு மாதம் விட்டோம்.

11. பீட்டா வந்துவிட்டால்

48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இதயத் துடிப்பு ஸ்கேன்.

அதற்கு அடுத்த வேலையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். ஆனால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, பிக்மி எண் என்ற பதிவு எண்ணை வாங்கியாக வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அதுதான் வாசல். வாரக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஐந்து நாள் கருவை வைத்தால், வைத்த அன்றே உங்கள் கர்ப்பத்துக்கு இரண்டு வாரம் ஐந்து நாள் ஆகிவிட்டது என்று கணக்கு. பீட்டா வரும் நாளில் நான்கரை வாரம் தாண்டியிருக்கும். நான் கரு வைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு நிதானமாகத்தான் போனேன். பதினோராவது வாரக் கடைசியில் நிற்கிறேன் என்று சொன்னார் நகர்ப்புற சுகாதார செவிலியர். ஆதார், வங்கிப் புத்தகம், கரு வைத்த தேதி எழுதிய தாள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அந்தக் கோப்பிலேயே இருந்ததால் அன்று மதியத்துக்குள் எண் கிடைத்துவிட்டது.